மீன் சந்தையில் ஒரு கூட்டுக் களவு

நொண்டிப் பூனை சந்தை நடுவில் மல்லாந்து விழுந்து, உயிர் போகிறாற்போல் கத்தியது.

மீன் வெட்டிக்கொண்டிருந்த இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில் கடை போட்டிருந்த ஓரகத்திகள் அவர்கள். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் விலையைக் குறைத்தால் இவள் இன்னும் குறைப்பாள். சாயங்காலம் இருவர் கையிலும் மீன் வாடைதான் மிஞ்சும்.

நொண்டி சின்னவள் வளர்த்தது. பதறிப்போய் ஓடினாள்.

பெரியவளும் எட்டிப் பார்த்தாள்.

அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது. பெரியவள் வளர்த்த கருப்புப் பூனை சின்னவளின் பலகையில் தாவி, கொழுத்த சாளை ஒன்றைக் கவ்விக்கொண்டு பறந்தது.

நொண்டி சட்டென்று எழுந்தது. ஒன்றும் நடக்காததுபோல் உடம்பை உதறிவிட்டு, மூன்று காலில் அதன் பின்னால் போனது.

சின்னவள் துடைப்பத்தோடு துரத்தினாள். தன் பூனைக்கு அடி விழுமே என்று பெரியவளும் ஓடினாள்.

ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கருப்பு மீனைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. நொண்டிதான் முதலில் தின்றது. பாதி தின்றதும் அதுவாகவே நகர்ந்து இடம் கொடுத்தது.

ஓங்கிய துடைப்பம் தானாகவே இறங்கியது.

"களவாணிங்க! எப்ப கூட்டு சேந்துச்சுங்க?" என்றாள் பெரியவள், யாரையும் பார்க்காமல்.

சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரியவளாலும் அடக்க முடியவில்லை. ஐஸ் பெட்டிமேலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்த பிறகும் எழுந்திருக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் காலை சந்தையே கிடுகிடுத்தது.

பெரியவள் சின்னவளின் நடையைப் பழித்தாள். சின்னவள் பெரியவளின் கொண்டையைச் சந்திக்கு இழுத்தாள். இப்படி ஒரு சண்டையை அந்தச் சந்தை கண்டதில்லை. கோடிக் கடைகளிலிருந்துகூட ஆட்கள் வேடிக்கை பார்க்க ஓடிவந்தார்கள்.

வந்தவர்களுக்குச் சும்மா நிற்கக் கூச்சம். ஆளுக்குக் கொஞ்சம் மீன் வாங்கினார்கள். எரிந்துகொண்டிருந்த அந்த இரண்டு முகங்களையும் பார்த்து, பேரம் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை.

உச்சிவேளைக்கு முன்பே இரண்டு பலகையும் காலியாகும்போல் இருந்தது.

சின்னவள் அடுத்த வசவுக்காக மூச்சை இழுத்தபோது, கூட்டத்தின் கண்ணில் படாமல், பலகைக்கு அடியில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் அவள் பக்கம் நீண்டது.

"மெதுவா கத்துடி, தொண்டை கட்டிக்கும்."