ஆறாவது குஞ்சின் தகப்பன்

கோட்லாந்து தீவின் ஈப்பிடிப்பான் குருவிகள் எப்படித் தனி இனமாகப் பிரிந்தன என்பதை அறிய, யில்வா பதினோரு ஆண்டுகளாக அவற்றின் மரபணு வரிசையைப் படித்துவந்தாள். அந்த ஜூனில் ஒரு கூட்டில் ஆறு குஞ்சுகள் இருந்தன. ஆறாவதன் தகப்பன், 1884-இல் சுடப்பட்டு, தலைநகர அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டு, ஒப்பிடுவதற்காக அவள் முன்பே மரபணு எடுத்திருந்த குருவி என்று கணினி சொன்னது.

"மாதிரிகளை ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டே," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் ஹோக்கான். "காபி குடிச்சுக்கிட்டே வேலை பாத்தா இப்படித்தான். இது வெளியே போனா உன் பதினோரு வருஷ வேலையையும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"அப்ப நீங்களே எடுங்க. நான் தொடவே மாட்டேன்."

அவரே குஞ்சின் ரத்தத்தை எடுத்தார், அவரே சோதித்தார். விடை மாறவில்லை. அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை.

மறுநாள் காலை இருவரும் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். காப்பாளர் இழுப்பறையைத் திறந்துவிட்டு நகர்ந்தார். கண்ணில் பஞ்சு வைத்த குருவி மல்லாந்து கிடந்தது. அதன் அலகில் ஒரு பச்சைப்புழு நெளிந்துகொண்டிருந்தது.

யில்வா குனிந்து புழுவைப் பார்த்தாள்; கூட்டில் குஞ்சுகளுக்கு ஊட்டப்படும் அதே வகை.

"குஞ்சுக்கு இப்ப எத்தனை நாள்?" என்று ஹோக்கான் மெல்லக் கேட்டார்.

"ஒம்பது. பறக்க இன்னும் ஒரு வாரம் ஆகும்."

அவர் இழுப்பறையை மெதுவாக உள்ளே தள்ளினார். ஒரு குருவி நுழையும் அளவு இடைவெளி இருந்தபோது நிறுத்தி, கையை எடுத்துக்கொண்டார்.