பின்சீட்டில் ஏறாதவள்

"வா மலரு. கடத்தூர் சந்தைக்கு ஒண்ணாவே போயிட்டு வந்துடலாம்," என்றான் கலைவாணன், மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி.

"இந்த வண்டியில ரெண்டு பேர் போனா போலீசு புடிப்பாங்க. நீங்க போங்க, நான் பஸ்ஸுல வர்றேன்."

"ஆர்சி புக்குலயே ரெண்டு சீட்டுன்னு போட்டிருக்குது. ஹெல்மெட்டும் ரெண்டு வெச்சிருக்கேன்."

மலர்விழி பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வண்டி வாங்கிய ஒரு வருஷமாக இதே கதைதான். கோயிலுக்கானாலும் அம்மா வீட்டுக்கானாலும் அவள் பஸ்ஸில்தான் போவாள். ஒரு கால் இல்லாத புருஷனோடு போக வெட்கப்படுகிறாள் என்று அவன் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தான். இன்று அடக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான்.

"ஒத்தக் காலனோட போறது உனக்குக் கேவலமா இருக்குது. அதை நேரா சொல்லிடேன்."

நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு பைக்குல பின்னால ஒக்காந்து, மொரப்பூர்ல ரயிலு போயிடும், வெரசா போங்கன்னு உங்க தோளைத் தட்டிட்டே வந்தது நான்தானேங்க. உங்க காலு போனதே என்னாலதான். மறுபடியும் எப்பிடிங்க ஒக்காருவேன்?"

அவனுக்கு லாரி மோதியது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. வீட்டிலேயே ஒரு தடவை தன்மையாகக் கேட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை இனி எப்படித் திரும்ப வாங்குவது?

பஸ் வந்தது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே அவனும் ஏறினான்.

"வண்டிங்க?" என்றாள்.

"இங்கயே நிக்கட்டும்," என்றான்.