அத்தி மரத்தடிக் குழாய்

"உங்க வீட்டைப் பத்தித்தான் கேட்டாங்க, அபூ தீமா. எத்தனை வருஷமா இங்க இருக்காங்க, நாணயமானவங்களான்னு."

மளிகைக் கடை ஈசா ரொட்டியைச் சுற்றிக்கொண்டே சிரித்தான்.

"யாரு கேட்டது?" என்றார் தீமாவின் அப்பா மாஜித்.

"ரோட்டுல இரும்புக் கம்பிய ஊணி, அதுல காதை வச்சுத் தண்ணி கசியற சத்தத்தைக் கேப்பாங்களே, அந்தத் தண்ணி இன்ஜினியரம்மா. நான் நல்லவிதமாத்தான் சொல்லியிருக்கேன். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்றதும்தான் மாஜித்துக்குப் பயமே வந்தது.

அம்மான் நகரில் அந்தத் தெருவுக்கு வியாழக்கிழமை மட்டும்தான் தண்ணீர். மேட்டு வீடுகளுக்கு அதுவும் நூல் மாதிரிதான். மாஜித் வீட்டு மாடித் தொட்டி மட்டும் வற்றியதே இல்லை. மேட்டுக்குப் போகும் பெரிய குழாயில் ஓட்டை போட்டு, மீட்டருக்குத் தெரியாமல் ஒரு கிளையை அத்தி மரத்தடி வழியாக இழுத்திருந்தார். நாலு வருஷமாக நிம்மதியாகத்தான் இருந்தார்.

மகள் தீமா சிவில் இன்ஜினியரிங் முடித்து வந்து சேர்ந்த வேலைதான் வினையாகிவிட்டது. ஆறு மாதமாக அவள் குடிநீர் அலுவலகத்தில், கசிவுகளையும் திருட்டுக் குழாய்களையும் பிடிக்கும் பிரிவில் இருந்தாள். நம் தொட்டி பெரிது என்று அவளிடம் சொல்லிச் சமாளித்து வந்தார்.

அவளுடைய மேலதிகாரிதான் அந்த இன்ஜினியரம்மா, சவ்சன். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். இரண்டு வட்டாரங்களில், வாரத்தில் ஒரு நாள் வந்த தண்ணீரை மூன்று நாள் வரவைத்துப் பதவி உயர்ந்தவள். சொந்தச் சித்தப்பா வீட்டுத் திருட்டுக் குழாயையே வெட்டினாளாம். தீமா அதைப் பெருமையாகச் சொன்ன அன்று மாஜித்துக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஹனான் வாசலிலேயே நின்றாள்.

"தீமாவோட மேலதிகாரி வெள்ளிக்கிழமை வர்றாங்களாம். கூட ஒரு பெரியவரும் வர்றாராம்."

"லீவு நாள்ல எதுக்காம்?"

"வந்தா தெரிஞ்சுடப்போகுது. அந்த நீலச் சட்டைய இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவளுக்கும் விஷயம் எட்டிவிட்டது என்று மாஜித் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தார்கள். பெரியவர் கோட்டும் டையுமாக இருந்தார். சட்டப் பிரிவு ஆள்தான், சந்தேகமே இல்லை.

சவ்சன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "அத்தி மரம் செழிப்பா இருக்கே. இந்தத் தெருவுலேயே இவ்வளவு பச்சைய நான் பார்த்ததில்ல."

"மண்ணு அப்படிம்மா."

தீமா ஏலக்காய் மணக்கும் காப்பியைக் கொண்டுவந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள். பாவம், பெண்ணுக்கும் தெரிந்துவிட்டதா?

சவ்சன் கோப்பையை வாங்கி அப்படியே மேஜையில் வைத்தாள். பெரியவரும் வைத்தார்.

"குடிங்க இன்ஜினியரம்மா."

"இருக்கட்டும். வந்த காரியம் முதல்ல."

குற்றவாளி வீட்டுக் காப்பி கூட வேண்டாம் போல. பெரியவர் ஏதோ சொல்லத் தொண்டையைக் கனைத்தார். அதற்குமேல் மாஜித்தால் தாங்க முடியவில்லை.

"நான்தான் போட்டேன்! அந்த மரத்துக்கடியிலதான் குழாய் இருக்கு. நாளைக்கே வெட்டிடறேன். அபராதம் எவ்வளவோ கட்டறேன். என் பொண்ணுக்கு எதுவும் தெரியாதும்மா. ராப்பகலாப் படிச்சு வாங்கின வேலை. அதை மட்டும் பறிச்சுடாதீங்க."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. சவ்சன் பெரியவரைப் பார்த்தாள்.

"குழாயா?" என்றார் பெரியவர். "காப்பியத் தொடாம வச்சா என்ன அர்த்தம்னு நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியுமேய்யா. இவ தம்பிக்கு உங்க தீமாவைக் கேட்டு வந்திருக்கோம். நீங்க சரின்னு சொன்னாத்தான் குடிப்போம்."

மாஜித்துக்கு "சரி" என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெரியவர் ஒரே மடக்கில் காப்பியைக் குடித்தார். "வெக்கப்படாதீங்க, சம்பந்தி. இவ குழாயை வெட்டினாளே, அந்தச் சித்தப்பா நான்தான்."

சவ்சன் தன் கோப்பையைத் தொடாமலே எழுந்தாள்.

"சித்தப்பா குடிக்கட்டும். கடப்பாரை எங்க இருக்கு, மாமா?"