காலைக் காபி யார் போடுவது

கணவனுக்குக் குடியுரிமை இருந்த நாட்டுக்கு மனைவியும் போக விசா வேண்டும். தூதரகத்தில் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒன்றைத் தவிர எல்லாப் பதிலும் பொருந்தியது. காலையில் காபி போடுவது யார்? அவள் கணவன் என்றாள்; அவன் மனைவி என்றான். கல்யாணமே நாடகமோ என்று அதிகாரிக்குச் சந்தேகம். இரண்டு பதிலையும் சொல்லிக்காட்டி, அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்.

பேருந்தில் வரும்போதே, தன்னை இங்கேயே கழற்றிவிடத்தான் இந்தப் பொய்யோ என்று அவள் மனதை அரித்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல? எந்திரிச்சா மேசைல காபி இருக்கு. நீதானே போடுற?"

"நானா? நீங்கதான்னு நெனச்சேன். வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்னு இத்தன நாளா பேசாம குடிச்சேன்."

மறுநாள் விடிந்தும் இருவரும் எழவில்லை. ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்தபடி படுத்திருந்தார்கள். சமையலறையில் பால் பொங்கி அடங்கியது. கோப்பைக்குள் கரண்டி சுற்றியது.

போய்ப் பார்த்தார்கள். வழக்கம்போல இரண்டு கோப்பைகள் ஆவி பறக்க இருந்தன. இனி எதற்கு ஒளிவுமறைவு என்பதுபோல் எதிரே மூன்றாவது கோப்பை, பாதி குடித்து வைக்கப்பட்டிருந்தது.