நிக்கல் உருளையின் புதுத் தோல்

ஆய்வுக்கூடத்தில் ஒரு புது நிக்கல் உருளை ஃப்ளூரின் வாயுவுக்காகக் காத்திருந்தது.

"என்னைப் பாரு தம்பி," என்றது பக்கத்துக் கண்ணாடிக் குடுவை. அதன் உடம்பெல்லாம் அரித்து வெளுத்திருந்தது. "ஒரே ஒரு நாள்தான் அவனுக்கு இடம் கொடுத்தேன்."

வாயு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. "தள்ளி நில்லு. நான் தொட்டதெல்லாம் எரிஞ்சுபோகும்."

"எங்கே தள்ளி நிக்கிறது? உன்னைச் சுத்தி இருக்கிறதே நான்தான்," என்றது உருளை.

வாயு தொட்டது. சுரீரென்று எரிந்தது. உள்சுவர் முழுக்க, தலைமுடி கனம்கூட இல்லாத ஒரு படலம் படர்ந்தது. இருவரும் சேர்ந்ததில் உண்டான நிக்கல் ஃப்ளூரைடு அது. அடுத்த எரிச்சலுக்காக உருளை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. அது வரவேயில்லை.

தன்னை மேலே போகவிடாத அந்தப் படலத்தை வாயு திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தது.

"நீ இன்னும் இருக்கியா?"

"இருக்கேன்," என்றது உருளை. அதற்கும் நம்ப முடியவில்லை.