முதல் பயணி

நிஜின் செய்த வண்டிக்குச் சக்கரமே கிடையாது. காந்த மோட்டார் அதைத் தண்டவாளத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். ஓட்டுவதும் அதே மோட்டார்தான். தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டினாலும் தளும்பாது.

ஆனால் முதல் பயணி ஏறியதிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். நிஜின் வேகத்தைக் குறைத்தான், கூட்டினான். கத்தல் நிற்கவில்லை.

“ஒரு ஆட்டம் உண்டா, ஒரு குலுக்கம் உண்டா? பின்ன எதுக்காக்கும் இந்தக் கத்தல்?” என்று மனைவி சிஜியிடம் எரிந்து விழுந்தான்.

“ஆளுக்குப் பிடிக்கல்லேண்ணா விட்டிருங்க. எங்க அப்பாக்க ஆட்டோவுல நான் கூட்டிட்டுப் போறேன்.”

“அந்த ஓட்ட வண்டியிலயா? நம்ம ரோட்டுல குடலு வெளிய வந்திரும்!”

சிஜி கேட்கவில்லை. பயணியோடு ஆட்டோவில் ஏறி, அமரவிளை வரை குண்டிலும் குழியிலும் குலுங்கிக் குலுங்கிப் போய்த் திரும்பினாள். கத்தல் அடங்கியிருந்தது.

“நல்லா ஒறங்கியாச்சு” என்று கிசுகிசுத்தபடி, மூன்று மாத மகனைத் தோளிலிருந்து இறக்கி, மிதக்கும் தொட்டிலில் கிடத்தினாள்.

நிஜின் ஆசையோடு சுவிட்சைப் போட்டான். தொட்டில் துளியும் குலுங்காமல் மிதந்து நகர்ந்தது.

மகன் வீறிட்டான்.

“மொதல்ல அந்தத் தண்டவாளத்துல நாலு குழி போடுங்க” என்றாள் சிஜி.