இன்று வேலைக்கு வந்தவர்கள்

மினசோட்டாவில் பனி கொட்டுகிற காலை. முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு அறையில் லாடம்போல வளைந்த மேசை. வெளிவளைவில் ஆறு சக்கர நாற்காலிகள், உள்வளைவில் உருளும் முக்காலியில் ஷானெல். மூன்று பணிப்பெண்கள் இருக்க வேண்டிய இடம். ஒருத்தி போன வாரம் வேலையை விட்டாள், அவளுக்குப் பதில் வந்தவள் நேற்று விட்டாள், இன்னொருத்தியின் கார் பனியில் புதைந்து கிடக்கிறது. ஷானெல் மட்டும் காலால் தரையை உந்தி உந்தி, ஆளுக்கு ஆள் நகர்ந்து ஓட்ஸ் கஞ்சி ஊட்டுகிறாள். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போகிறாள். கஞ்சி வண்டியோடு நிற்கும் நான் சமையலறை ஆள். ஊட்ட எனக்கு அனுமதி இல்லை. தினமும் கத்தித் தீர்க்கிற மேசை இன்று சத்தமில்லாமல் காத்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் கஞ்சி ஆவியில் வெள்ளையாக நிற்கிறது. முக்காலிச் சக்கரம் மட்டும் கிறீச்சிடுகிறது.

நர்ஸ் காலீன் பேனாவோடு எட்டிப் பார்க்கிறாள். இன்று எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று, எல்லோரும் படிக்கும்படி வாசலில் ஒட்டியாக வேண்டும்.

“எத்தனைன்னு எழுதட்டும்?”

“ஏன், என் பின்னாடி யாராவது ஒளிஞ்சிட்டிருக்காங்களா? ஒண்ணுன்னு எழுது. பெருசா எழுது, ஊரே பாக்கட்டும்.”

கடைசி நாற்காலியில் ஆர்வல், நேற்றுவரை தன் வாய்க்கே கரண்டியைக் கொண்டுபோகாத கிழவர். கஞ்சிக் கரண்டியோடு அவர் கை மெல்ல எழுகிறது. நடுங்கி நடுங்கி, பாதிக் கஞ்சியை மேசையில் சிந்தி, மீதியைப் பக்கத்து ஐரீனின் உதட்டருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஐரீன் வாயைத் திறக்கிறாள். முக்காலி நின்றுவிடுகிறது. ஐரீன் விழுங்கும்வரை ஆர்வல் அவள் தொண்டையையே பார்க்கிறார், ஷானெல் பார்ப்பதுபோலவே. பிறகு காலீன் பக்கம் திரும்புகிறார்.

“ரெண்டுன்னு போடும்மா.”